ஒன்பது போர்டுகளும் ஒரு பில்ட் ஸ்கிரிப்ட்டும்

போன முறை ரயில் தண்டவாளங்களின் அகலம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீ படிக்கிற படிப்புக்குச் சம்பந்தமாக எதையாவது எழுதேன்டா" என்று வகுப்புத் தோழர்கள் கேட்டிருந்தார்கள். கேட்டதற்கு அனுபவியுங்கள் :-) இந்த முறை பில்ட் ஸ்கிரிப்ட்டுகளின் வரலாறு. கணினித் துறையில் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயன்றிருக்கிறேன். புரியாவிட்டால் திட்டுங்கள்.

எங்கள் எம்பெடட் ஆய்வகத்தில் ஒரு பீரோவுக்குள் ஒன்பது ஏஆர்எம் போர்டுகள் கிடக்கின்றன. போன செமஸ்டர் முடிவில் அவற்றைக் கண்டம் பட்டியலில் சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள். போர்டில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரிகிறது, உள்ளே இருக்கிற பழைய லினக்ஸ் எழுந்து நிற்கிறது. ஆனால் அந்த லினக்ஸில் எதையும் மாற்ற முடியாது. ஜூனியர்கள் டிரைவர் எழுதிப் பழக வேண்டுமென்றால் கெர்னலை நாமே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கான எல்லாம் போர்டோடு வந்த சிடியில் இருக்கிறது. ஆனால் அந்த சிடியில் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓட மறுக்கிறது. "நாலு பேர் பார்த்துட்டாங்க தம்பி, வேலைக்கு ஆகாது" என்றார் லேப் அசிஸ்டென்ட் அண்ணன். சரி, ஐந்தாவது ஆளாக நாமும் பார்ப்போமே என்று சிடியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சிடியில் இருப்பதற்குப் பெயர் போர்டு சப்போர்ட் பேக்கேஜ், சுருக்கமாக பிஎஸ்பி. ஒரு இயங்குதளம் ஒரு குறிப்பிட்ட போர்டில் ஓடுவதற்கு அந்த போர்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதில் இருக்கும்: நினைவகம் எங்கே தொடங்குகிறது, சீரியல் போர்ட் எங்கே, முதலில் எதை எழுப்புவது, இப்படி. இந்தப் பெயரை 1981ல் விஆர்டிஎக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய ஹண்டர் அண்ட் ரெடி நிறுவனம்தான் முதலில் பயன்படுத்தியது என்று சொல்கிறார்கள். இதையெல்லாம் சேர்த்துக் கட்டி, போர்டில் ஏற்றுகிற ஒரே கோப்பாக ஆக்குவதுதான் பில்ட் ஸ்கிரிப்ட்டின் வேலை.

கதை அதற்கும் ஐந்து வருடம் முன்னால், 1976ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே ஸ்டீவ் ஜான்சன் என்று ஒருவர். யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர். ஒரு நாள் காலை முழுக்க ஒரு நிரலில் பிழை தேடித் தேடி அலுத்துப் போனார். கடைசியில் பார்த்தால் பிழையை ஏற்கனவே திருத்திவிட்டார்! திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்திருக்கிறார். ஆக, காலை முழுக்க அவர் ஓட்டிக்கொண்டிருந்தது பழைய நிரல். கடுப்பில் திட்டிக்கொண்டே சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்குள் நுழைந்தார். ஃபெல்ட்மனும் முந்தைய நாள் மாலை இதே சிக்கலில் மாட்டியிருந்தாராம். அந்த வார இறுதியில் பிறந்ததுதான் மேக். எந்தக் கோப்பு எதிலிருந்து உருவாகிறது என்று ஒரு மேக்ஃபைலில் எழுதிவைத்தால், மாற்றிய நேரத்தை ஒப்பிட்டு, எது பழசாகிவிட்டதோ அதை மட்டும் மறுபடி உருவாக்கும். இதற்காக 2003ல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

மேக்ஃபைல் எழுதிய எல்லோரும் ஒருமுறையாவது திட்டியிருக்கும் டேப் விவகாரமும் அப்போது வந்ததுதான். கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும், எட்டு ஸ்பேஸ் வைத்தால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபெல்ட்மன் அப்போது புதிதாக வந்த லெக்ஸ் கருவியைக் கற்றுக்கொண்டிருந்தார், அதில் எழுத இது சுலபமாக இருந்தது. சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தர வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காக விட்டது அரை நூற்றாண்டாக உலகத்தையே படுத்துகிறது.

ஆனால் ஃபெல்ட்மன் காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. நிரலைக் கட்டுகிற கணினியும் ஓட்டுகிற கணினியும் பெரும்பாலும் ஒன்றே. போர்டு வேலையில் அப்படி இல்லை. கட்டுவது மேசைக் கணினியில், ஓடுவது போர்டில். இதை கிராஸ் கம்பைலிங் என்பார்கள். ஆக, ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு கணினிகள் தெரிந்திருக்க வேண்டும். போர்டைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்கள். கட்டுகிற கணினியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அது கண் முன்னாலேயே இருந்ததால். நம் வீட்டுச் சமையல் குறிப்பு நோட்டில் "ஒரு ஆழாக்கு அரிசி" என்று இருக்கும். யார் வீட்டு ஆழாக்கு என்று இருக்காது. எழுதின பாட்டிக்கு அது தெரியும்.

விஆர்டிஎக்ஸ், விஎக்ஸ்வொர்க்ஸ் போன்ற வணிக இயங்குதளங்களின் காலத்தில் இது பெரிய பிரச்சினை ஆகவில்லை. இந்தக் கணினியில் இந்தப் பதிப்பு இயங்குதளத்தில்தான் எங்கள் கருவிகள் ஓடும் என்று விற்கும்போதே சொல்லிவிடுவார்கள். காசு கொடுத்தவர் அதையே வாங்கி வைத்துக்கொள்வார். லினக்ஸ் வந்த பிறகுதான் குழப்பம். ஒவ்வொருவர் மேசையிலும் ஒவ்வொரு லினக்ஸ், ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு.

இனி எங்கள் சிடிக்கு வருவோம். உள்ளே இருப்பது 2.6.32 கெர்னல், அதாவது 2009 டிசம்பரில் வெளியானது. ஆய்வகக் கணினியில் உபுண்டு 20.04. ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். முதல் நொடியிலேயே "சோர்ஸ்: நாட் ஃபவுண்ட்" என்றது. எந்த மூலநிரலைக் காணோம் என்று சிடி முழுக்கத் தேடினேன் (சிரிக்க வேண்டாம்). அது கோப்பு இல்லை. பாஷ் ஷெல்லில் 'சோர்ஸ்' என்பது இன்னொரு ஸ்கிரிப்ட்டைப் படிக்கச் சொல்லும் கட்டளை. எங்கள் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியோ, பொதுவான 'எஸ்ஹெச்' ஷெல்லைக் கேட்கிறது. பல காலம் லினக்ஸில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் வந்தது பாஷ்தான். 2006 அக்டோபரில் வெளியான உபுண்டு 6.10ல், கணினி சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் டாஷ் என்ற சின்ன ஷெல்லை உட்கார வைத்தார்கள். டாஷுக்கு 'சோர்ஸ்' தெரியாது, ஒற்றைப் புள்ளிதான் தெரியும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்ட்டுகள் அன்று உடைந்தன. முதல் வரியில் பாஷ் என்று மாற்றியதும் இது சரியானது.

அடுத்து மேக். "மிக்ஸ்ட் இம்ப்ளிசிட் அண்ட் நார்மல் ரூல்ஸ்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. இதற்குத் தேதி 2010 ஜூலை. அப்போது வெளியான மேக் 3.82 வரை, ஒரே விதியில் சாதாரணப் பெயரையும் சதவீதக் குறி போட்ட பொதுப் பெயரையும் கலந்து எழுதினால் எப்படியோ வேலை செய்துகொண்டிருந்தது. செய்யும் என்று கையேட்டில் எங்கும் சொல்லவில்லை, ஆனால் செய்தது. லினக்ஸ் கெர்னலின் தலைமை மேக்ஃபைலே அதை நம்பி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. 3.82ல் அதை எடுத்துவிட்டார்கள். ஒரு வரியை இரண்டாகப் பிரித்து எழுதினால் தீர்ந்தது. ஃபெல்ட்மன் பன்னிரண்டு பேருக்காக டேப்பை விட்டுவைத்தார், 34 வருடம் கழித்து அதே கருவி இவ்வளவு பேரை ஒரே நாளில் கைவிட்டது. இரண்டில் எது சரி என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

மூன்றாவதுதான் ரொம்பப் படுத்தியது. சிடியில் இருந்த கிராஸ் கம்பைலரைக் கூப்பிட்டால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". கோப்பு கண் முன்னால் இருக்கிறது! பெயர் சரி, அனுமதி சரி. எனக்கு முன்னால் பார்த்த நாலு பேரும் இங்கேதான் கைவிட்டிருக்க வேண்டும். விஷயம் இதுதான்: அந்தக் கம்பைலர் 32 பிட் கணினிக்கானது, ஆய்வகக் கணினி 64 பிட். ஒவ்வொரு நிரலும் தன்னை நினைவகத்தில் ஏற்றி வைக்க ஒரு லோடரின் பெயரைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். 32 பிட் லோடர் இந்தக் கணினியில் இல்லை. காணோம் என்று சொன்னது அந்த லோடரை. ஆனால் செய்தியில் வருவதோ கம்பைலரின் பெயர். 32 பிட் சி நூலகத்தை நிறுவியதும் கம்பைலர் எழுந்தது. (பழைய கம்பைலரை விட்டுவிட்டு உபுண்டுவோடு வரும் புது ஏஆர்எம் கம்பைலரையே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட்டேன். அந்தக் கெர்னல், கம்பைலரின் பதிப்பு எண்ணைச் சேர்த்து ஒரு தலைப்புக் கோப்பைத் தேடும். ஜிசிசி 3க்கும் 4க்கும் கோப்பு இருக்கிறது, 9க்கு இல்லை. 2009ல் யார் கண்டார்கள்?)

நான்காவது பெர்ல். கெர்னலின் கடிகாரத் துடிப்பை மில்லி நொடிகளாக மாற்றும் எண்களைக் கணக்கிட, 2008ல் வந்த 2.6.25 கெர்னலில் ஒரு சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட் சேர்த்தார்கள். அதன் 373ஆவது வரியில், ஒரு பட்டியலைப் பார்த்து "நீ வரையறுக்கப்பட்டாயா?" என்று ஒரு கேள்வி. அப்படிக் கேட்காதீர்கள் என்று பெர்ல் பல வருடம் எச்சரித்துக்கொண்டிருந்தது. 2015ல் வந்த பெர்ல் 5.22ல் எச்சரிக்கை பிழையாகிவிட்டது. அதற்கு முன்பே, 2013ல் வந்த 3.9 கெர்னலில் பெர்லைத் தூக்கிவிட்டு பிசி என்ற கணக்குக் கருவியை வைத்துவிட்டார்கள். எங்கள் சிடிக்கு அது தெரியாதே. ஒரு சொல்லை அழித்தேன்.

கவனித்தீர்களா, நான்கு பிழைகளுக்கும் பிறந்த தேதி இருக்கிறது. போர்டு மாறவில்லை, சிடி மாறவில்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. வெளியே ஒவ்வொன்றாக மாறியிருக்கிறது. கிணறு வெட்டும்போது மண் அடுக்கு தெரிவது போல, மேலிருந்து கீழே தோண்டிக்கொண்டு போகிறேன் என்று அப்போது எனக்கே ஒரு பெருமை.

கம்பைல் முடிந்தது. திரையின் கடைசியில் இமேஜ் "ரெடி" என்று வந்தது. இரவு 11 மணிக்கு விடுதி அறையில் ஒரு கத்து கத்தினேன். போர்டில் ஏற்றினேன், எழுந்தது. ஆனால் நான் புதிதாகச் சேர்த்த டிரைவர் மட்டும் வரவில்லை. அமைப்புகளைச் சரிபார்த்தேன், மறுபடி கம்பைல் செய்தேன், டிரைவரின் நிரலுக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். இரண்டு இரவுகள் போயின. மூன்றாம் நாள்தான் போர்டு எழும்போது ஓடும் முதல் வரியைப் பார்த்தேன். லினக்ஸ் கெர்னல் அந்த வரியில், தான் எந்தக் கணினியில், எந்தக் கம்பைலரால், எந்த நாளில் கட்டப்பட்டேன் என்று தானே சொல்லும். அதில் இருந்த வருடம் 2010.

நடந்தது இதுதான். கெர்னலை போர்டு ஏற்கும் வடிவத்தில் பொதிய எம்கேஇமேஜ் என்ற கருவி வேண்டும். அது ஆய்வகக் கணினியில் இல்லை. கெர்னலின் ஸ்கிரிப்ட் "எம்கேஇமேஜ் இல்லை, இமேஜ் உருவாக்கப்படாது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, தோல்வி என்று அறிவிக்காமல் வெற்றிக்கான எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மேக் அதை நம்பி அடுத்த வரியிலேயே "ரெடி" என்றது. போர்டு விற்றவரின் ஸ்கிரிப்ட் அந்த இல்லாத கோப்பை நகலெடுக்கப் போய்த் தோற்றது. நகலெடுக்கும் வரியின் பிழைச் செய்தி திரைக்கு வராமல் திருப்பி விடப்பட்டிருந்தது. இமேஜ் கோப்புறையில் சிடியோடு வந்த 2010ஆம் ஆண்டுக் கோப்பு அப்படியே இருந்தது, அதைத்தான் இரண்டு இரவும் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டீவ் ஜான்சனாவது ஒரு காலையோடு கண்டுபிடித்துவிட்டார்.

அந்த முதல் வரியில் இன்னொன்றும் இருந்தது. கட்டியவர் பெயர் ரூட், கணினியின் பெயர் லோக்கல்ஹோஸ்ட் டாட் லோக்கல்டொமைன். இது ரெட் ஹாட் வகை லினக்ஸை நிறுவும்போது பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் தானாக வரும் பெயர். அங்கே எஸ்ஹெச் என்றால் பாஷ்தான், அதனால்தான் 2006க்குப் பிறகும் அவர்களுக்கு 'சோர்ஸ்' உடையவில்லை. சிடியில் 40 பக்கக் கையேடு இருக்கிறது, போர்டின் ஒவ்வொரு பின்னும் படம் போட்டு விளக்கியிருக்கிறது. எந்தக் கணினியில் கட்டினார்கள் என்ற தகவல் கையேட்டில் இல்லை. கெர்னல் தானாக முணுமுணுத்த ஒரு வரியில்தான் இருந்தது.

இதைச் சட்டம் முன்பே யோசித்திருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். லினக்ஸ் கெர்னலின் உரிமம் 1991 ஜூனில் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. மூலநிரலைக் கொடு என்பதோடு அது நிற்கவில்லை. கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்ட்டுகளும் மூலநிரலில் சேர்த்தி என்று எழுதியிருக்கிறது. இதற்குப் பெரிய பலன் கிடைத்தது 2003ல். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்று கெர்னல் நிரலாளர்கள் கண்டுபிடித்து மூலநிரலைக் கேட்டார்கள். அந்த ஆண்டே நிறுவனம் வெளியிட்டது. அதை வைத்து 2004 ஜனவரியில் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. மறுபடி கட்ட முடிந்ததால் அந்த ரவுட்டர் விற்றவர் நினைத்ததைவிடப் பல வருடம் உழைத்தது. எங்கள் சிடியிலும் ஸ்கிரிப்ட் இருக்கிறது, சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஸ்கிரிப்ட் எந்த மண்ணில் வளர்ந்ததோ அந்த மண்ணைக் கொடு என்று 1991ல் யாரும் எழுதவில்லை.

அந்த மண்ணையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிதான் இந்த நூற்றாண்டின் கதை. 2001ல் யுசிலிப்சி நூலகக்காரர்கள் தொடங்கிய பில்ட்ரூட், கிராஸ் கம்பைலரில் ஆரம்பித்துத் தனக்கு வேண்டிய பெரும்பாலான கருவிகளையும் தானே கட்டிக்கொள்ளும். 2003ல் ஓபன்எம்பெடட், 2010ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த யாக்டோ. யாக்டோவில் 2017ல் ஒரு படி மேலே போனார்கள்: கட்டுகிற கணினியில் எந்தெந்தக் கட்டளைகளைத் தொடலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றுக்கு மட்டும் ஒரு கோப்புறையில் இணைப்பு வைத்து, வேறு எதுவும் கண்ணில் படாமல் செய்துவிட்டார்கள். முழுத் தீர்வா? இல்லை. 2018ல் வந்த ஜிலிப்சி 2.28, தன் உள்விவகாரங்களை மறைத்துக்கொண்டது. பழைய பில்ட்ரூட்டுகள் எம்4 என்ற ஒரு கருவியைக் கட்டும்போதே விழுந்தன. கருவியைக் கட்டவும் ஒரு கருவி வேண்டுமே, முதல் கருவி எப்போதும் நம் வீட்டு ஆழாக்குதான்.

எங்கள் போர்டுகளுக்கு என்ன ஆயிற்று? ஒவ்வொரு பிழையாகத் திருத்துவதை நிறுத்திவிட்டேன். 2007ல் வெளியான சென்டோஸ் 5ன் 32 பிட் பதிப்பைத் தேடி எடுத்து ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவினேன். மேக் 3.81, பெர்ல் 5.8, எஸ்ஹெச்சுக்கு பாஷ். சிடியின் ஸ்கிரிப்ட்டை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓட்டினேன். எம்கேஇமேஜ் மட்டும் அங்கேயும் இல்லை, சிடியிலேயே இருந்த யு-பூட் மூலநிரலின் டூல்ஸ் கோப்புறையிலிருந்து கம்பைல் செய்து வைத்தேன். அதை அவர்களும் கையால்தான் வைத்திருக்க வேண்டும், எங்கும் எழுதவில்லை. மற்ற எல்லாம் முதல் முறையிலேயே ஓடின.

ஒன்பதில் ஏழு போர்டுகள் கண்டம் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டன. மற்ற இரண்டில் பவர் ஜாக் உடைந்திருக்கிறது, அது என் துறை இல்லை, சால்டரிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மெய்நிகர் கணினியின் முழுக் கோப்பையும் சிடியோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டு லேப் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். போர்டு எழும்போது வரும் முதல் வரியில் இப்போது இந்த வருடத்துத் தேதி. கணினியின் பெயர் மட்டும் இன்னமும் லோக்கல்ஹோஸ்ட் டாட் லோக்கல்டொமைன். சென்டோஸ் நிறுவும்போது பெயர் கொடுக்க மறந்துவிட்டேன்.